ஹிருத்தின் விரதமும் என் சாக்ஸும்

9.3.2024, சனி

வெறும் வயிற்றில் சர்க்கரை 148.

தினமும் இதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு எண்ணுக்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? மீதி இடம் வீணாகப் போகிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன். என் பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்து மூன்று. கோவையில் ஒரு பஞ்சாலையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதைய வேலை காலையில் நடப்பது, மத்தியானம் தூங்குவது, மற்ற நேரத்தில் மயிலாத்தாளிடம் திட்டு வாங்குவது. மயிலாத்தாள் என் சம்சாரம்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்று யாரிடமாவது சொன்னால் மயிலா உடனே "நாலு பேருங்" என்று திருத்துவாள். மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அடுத்த வாரமே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஹிருத் எத்தியோப்பியாக்காரி. உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். பெமா பூட்டான்காரி, கம்ப்யூட்டர். தனிச் சமையல் எல்லாம் கிடையாது. ஒரே அடுப்பு, ஒரே சாப்பாட்டு மேஜை. ஹிருத் தமிழ் கற்றது முழுக்க மயிலாவிடம். அதனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெண் "ஏனுங்கப்பா, காப்பி குடிச்சீங்ளா?" என்று கேட்கிறாள். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடப்பதற்கென்று புதுச் செருப்பு வாங்கினேன். இடது சுண்டுவிரலில் கடித்துவிட்டது. சின்னதுதான்.

11.3.2024, திங்கள்

சர்க்கரை 138.

ஹிருத் இன்றிலிருந்து விரதமாம். ஐம்பத்தைந்து நாள்! அவர்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் தொட மாட்டாளாம். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். ஒரு ஏகாதசிக்கே பத்து மணிக்கு வாழைப்பழம் தேடுகிற ஆள் நான்.

மயிலாவுக்குத் தலைகால் புரியவில்லை. விரதம் இருக்கிற பெண்ணுக்கு ஆக்கிப் போடுவது புண்ணியமாம். பாலைச் சுண்டக் காய்ச்சிப் பாயசம், நெய் மிதக்கும் பொங்கல், கட்டித் தயிரில் பிசைந்த சாதம்.

"நல்லாச் சாப்புடு அம்மணி. சுத்தமான பசுநெய்யி."

ஹிருத் தட்டைப் பார்த்தாள், மயிலாவைப் பார்த்தாள், சிரித்தாள்.

15.3.2024, வெள்ளி

சர்க்கரை 138.

பெமாவிடம் இன்று நான் தோற்றேன். கொங்குநாட்டுக் காரத்தை உன்னால் தாங்க முடியாது என்று ஒரு பச்சைமிளகாயைக் கடித்துக் காட்டினேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மிளகாய்களை எண்ணெயில் வதக்கித் தட்டு நிறைய வைத்துக்கொண்டு சோற்றோடு சாப்பிட்டாள். அவர்கள் ஊரில் மிளகாய் என்றால் காயாம், நமக்குக் கத்தரிக்காய் மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கு மூக்குகூடச் சிவக்கவில்லை. "அங்கிள், இன்னொண்ணு வேணுமா?" என்று வேறு கேட்கிறாள்.

ஹிருத்துக்கு வயிறு சரியில்லையாம். இரண்டு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டாள்.

18.3.2024, திங்கள்

சர்க்கரை 138.

இன்று வீட்டில் ஒரே அழுகை. அழுதது மயிலா.

நடந்தது இது. காலேஜில் படியேறும்போது ஹிருத்துக்குத் தலைசுற்றியிருக்கிறது. பெமாதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். வயிற்றுக்கு நல்லது என்று மயிலா மோர் கரைத்து நீட்ட, பெமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, அவங்க விரதத்துல பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. கறி மாதிரிதான் அதுவும்."

நமக்கு விரதம் என்றாலே பாலும் நெய்யும்தான். அது ஒருத்தருக்குத் தீட்டாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஏழு நாளாக மயிலா பார்த்துப் பார்த்துச் செய்தது அத்தனையும் அந்தப் பெண் தொடக் கூடாதது. அவளும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வயிற்று வலி என்று சொல்லி, வாழைப்பழத்திலும் ரசத்திலும் ஏழு நாளை ஓட்டியிருக்கிறாள்.

"நீங்க அவ்வளவு ஆசையாச் செஞ்சீங்கம்மா. எப்படிங் வேண்டாங்கறது?" என்றாள் ஹிருத்.

"அடி கிறுக்கு! வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? ஒடம்புக்கு ஒண்ணுன்னா கூட இருக்கறவங்ககிட்ட மறைக்கறதா? உனக்கு எதாச்சும் ஆயிருந்தா நான் உங்கம்மாளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" மயிலா திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கடலையெண்ணெயில் தாளித்தாள்.

அடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று ஏழு நாள் பட்டினி கிடக்கும் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் இப்படி ஒரு குணம் வராது.

காலில் பிளாஸ்திரி மாற்றினேன்.

31.3.2024, ஞாயிறு

சர்க்கரை 138.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஈஸ்டர் கேக் கொண்டுவந்தார். ஹிருத் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குங் என்றாள். ஒரே சாமிக்கு இரண்டு தேதியா என்று கேட்டேன். தேதி மட்டுமில்லை, வருடமே வேறாம். அவர்கள் நாட்டில் இது 2016. நம்மைவிட எட்டு வருடம் பின்னால்.

"அப்படின்னா அங்க வந்தா எனக்கு எட்டு வயசு கொறஞ்சிருமா?"

"அறுபத்து மூணுல எட்டுப் போனாலும் நீங்க கெழவந்தானுங்" என்றாள் மயிலா, அடுக்களையிலிருந்து.

மயிலா இப்போது வீடு முழுக்கப் பால் இல்லாத சமையலாக்கிவிட்டாள். தேங்காய்ப்பாலில் சொதி, கொள்ளுப் பருப்பு, எள்ளுப் பொடி. ஒருத்திக்குத் தனியாக வைத்தால் அவள் தனியாள் ஆகிவிடுவாளாம். நாங்களும் சேர்ந்தே இருக்கிறோம். என் காபியும் கறுப்பு. இதை ஒரு புகாராக எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையில் கொள்ளுப் பருப்பு நன்றாக இருக்கிறது.

7.4.2024, ஞாயிறு

சர்க்கரை 138. சாக்ஸ் போட ஆரம்பித்தேன்.

"வெயிலு மண்டையப் பொளக்குது, சாக்ஸ் எதுக்குங்?" என்றாள் மயிலா. டைல்ஸ் சில்லென்று இருக்கிறது என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். காலை நடையை விட்டுவிட்டேன். வெயில் அதிகம்.

20.4.2024, சனி

138.

அண்ணன் சென்னியப்பன் போய் இன்றோடு ஏழு வருடம். அவருக்கும் சர்க்கரை. காலில் சின்னப் புண் என்றுதான் போனார். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முட்டிக்குக் கீழே. கடைசியில் ஆளையே முழுசாகக் கொடுத்துவிட்டோம். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பார். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் வாதம் செய்வார்கள்.

24.4.2024, புதன்

138. கால் வலிக்கவே இல்லை. அது நல்லதுதானே.

28.4.2024, ஞாயிறு

138.

மாலை நாலு மணிக்குச் சமையலறையில் ஒரே புகை. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடினால், ஹிருத் வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு ஒரு வாணலியில் பச்சைக் காபிக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தாள். இன்று அவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. காலையில் தென்னங்கீற்றைக் கிழித்து ஆளுக்கொரு மோதிரம் பின்னிப் போட்டிருந்தாள். எனக்கு மோதிர விரலில் ஏறவில்லை, சுண்டுவிரலில் போட்டுவிட்டாள்.

அவர்கள் காபி போடுவதைப் பார்க்க வேண்டும். நாம் டிகாஷனை இறக்கி, பாலை ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறோம். அவள் ஹாலில் புல் பரப்பி, எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, வறுத்த கொட்டையின் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டி, பிறகு இடித்து, மண்பானையில் கொதிக்கவைத்து ஊற்றுகிறாள். மூன்று சுற்று குடிக்க வேண்டும். முதல் சுற்றோடு எழுந்தால் அவமரியாதை. மூன்றாவதுதான் ஆசீர்வாதமாம். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் யாரும் டி.வி. போடவில்லை, செல்போனைப் பார்க்கவில்லை. பெமா தன் ஊர் மலையைப் பற்றிச் சொன்னாள். மயிலா கல்யாணமான புதிதில் என்னைக் கண்டு பயந்ததைச் சொன்னாள். அவள் என்னிடம் பயந்த காலம் ஒன்று இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. முப்பத்தாறு வருடம் ஷிஃப்ட் பார்த்து வந்த வீட்டில் இப்படி ஒரு மாலை வந்ததில்லை.

பெமா எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். தரையில் காலை மடக்கி உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் சங்கடம். நல்லவேளை, ஹிருத் கரண்டி கரண்டியாகச் சாம்பிராணி போட்டாள்.

2.5.2024, வியாழன்

இன்று எண் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடம் ஆஸ்பத்திரி, கட்டில் எண் பதினொன்று.

காலை பத்து மணிக்கு ஹிருத் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீரும் தோளில் துண்டுமாக ஹாலுக்கு வந்தாள். இன்று அவர்களுக்குப் பெரிய வியாழன். ஏசு தன் சீடர்களின் காலைக் கழுவிய நாள். ஊரில் கோயிலில் பாதிரியார் எல்லோர் காலையும் கழுவுவாராம். இங்கே அவர்கள் கோயில் இல்லை. அதனால் வீட்டில் உள்ளவர்களின் காலைத் தானே கழுவப் போவதாகச் சொன்னாள்.

மயிலா கூச்சத்தில் சோபாவின் மூலைக்கே போய்விட்டாள். "அய்யோ, படிக்கற புள்ளை என்ற காலத் தொடறதா?" என்றாள். ஹிருத் விடவில்லை. பித்தவெடிப்பு விழுந்த அந்தக் காலைத் தாம்பாளத்தில் வைத்து, விரல் விரலாகக் கழுவி, துண்டில் ஒற்றினாள். மயிலா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பிறகு, "கலியாணத்தன்னைக்கு மெட்டி போட்டப்பத் தொட்டதுங். அதுக்கப்பறம் என்ற காலை யாரு தொட்டாங்க?" என்று என்னைப் பார்த்தாள். அப்புறம் பெமாவின் கால். பெமா கூச்சத்தில் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

அடுத்தது நான்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"அஞ்சு நிமிசந்தானுங்கப்பா."

"வேண்டாம்ன்னா வேண்டாம். அந்தப் பக்கம் போ!"

அந்தப் பிள்ளையிடம் நான் கத்தியது அதுதான் முதல் முறை. காலை இழுத்த வேகத்தில் தாம்பாளம் தட்டுப்பட்டுத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. மயிலா எழுந்து நின்றுவிட்டாள். ஹிருத் துணி எடுத்துவந்தாள். தரையைத் துடைத்தாள். உள்ளே போய்த் தாம்பாளத்தில் மறுபடி தண்ணீர் பிடித்து வந்து, என் காலடியில் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பட்டினி கெடந்தப்ப அம்மா என்ன சொல்லித் திட்டுனாங்கன்னு ஞாபகம் இருக்குங்ளா?"

நான் சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழமை சாம்பிராணி ரெண்டு பங்கு போட்டேன். எதுக்குன்னு நெனச்சீங்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெமா உங்க பக்கத்துல இருந்தா. அவளுக்கு வாடை தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங். நாலு நாளா உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத் தவிச்சேன். இன்னைக்கு ஒரு நாளுதான் எனக்கு உங்க காலைக் கேக்கற உரிமை இருக்குது. குடுங்கப்பா."

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. அறுபத்து மூன்று வயது ஆம்பிளை, மூன்று பெண்கள் முன்னால் விசும்பி விசும்பி அழுதேன். வலிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அண்ணனை எடுத்த மாதிரி என்னையும் துண்டு துண்டாக எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். சாக்ஸை நானே கழற்றினேன்.

மயிலாவின் முகத்தை எழுத எனக்கு வரவில்லை.

சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. ஹிருத் முகம் சுளிக்கவில்லை. புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று இடது காலைத் துவைத்த துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது காலை மட்டும், அவசரமே இல்லாமல், விரல் விரலாகக் கழுவினாள். பெமா அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். நான் கீழே இறங்க, பெமா ஒரு தோள், ஹிருத் ஒரு தோள். ஒல்லிப் பெண்கள் என்று நினைத்திருந்தேன். என்னைத் தரையில் கால் ஊன்ற விடவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, விரலைக் காப்பாற்ற முடியாது, காலைக் காப்பாற்றலாம் என்றார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்குமாம். சர்க்கரை 342. இது நர்ஸ் சொன்னது.

நாளைக்குக் காலையில் ஆபரேஷன்.

5.5.2024, ஞாயிறு

ஒரு விரல்தான் போயிற்று. நான் இருக்கிறேன்.

காலையில் மயிலாவும் பிள்ளைகளும் வந்தார்கள். இன்று அவர்கள் ஈஸ்டர், விரதம் முடிந்துவிட்டது. ஹிருத் வெள்ளை உடையில் வந்து கட்டிலருகே நின்றாள். ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு முதல் வாய் பால் எங்கே குடிக்கிறாய் என்று கேட்டேன்.

"இங்கதானுங்."

மயிலா ஃபிளாஸ்கைத் திறந்தாள். நுரை பொங்கும் பால் காபி, நாலு டம்ளர். என்னுடையதில் சர்க்கரை இல்லை, அதை மயிலா இரண்டு முறை சொன்னாள். ஹிருத் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர், யாருங்க இந்தப் புள்ளைங்க என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் புள்ளைங்க" என்றேன். அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் சொல்ல நான் மெனக்கெடவில்லை.

12.5.2024, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இன்று சர்க்கரை 196.

நேற்று மயிலா மேஜை டிராயரைச் சுத்தம் செய்தாள். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் ஐம்பது உள்ள பெட்டி, சீல் பிரிக்காமல் இருந்தது. நோட்டையும் எடுத்துப் புரட்டியிருக்கிறாள். வரிசையாக 138, 138, 138. மார்ச் ஒன்பதாம் தேதியோடு நான் விரலைக் குத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் என் எண்ணுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த வேலை ஹிருத்துக்கு.

இன்று காலை அவளே விரலைக் குத்தினாள். எண்ணை நான் எழுத, பக்கத்தில் அவள் மொழியில் கையெழுத்துப் போட்டாள். சின்னச் சின்ன ஆட்கள் கையைத் தூக்கி நிற்பது போன்ற எழுத்து. கீழே தேதி. அவள் நாட்டுத் தேதி, வருடம் 2016.

அந்த 2016-ஐயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் 2016-இல் எனக்குக் காலில் பத்து விரலும் இருந்தது. அண்ணன் உயிரோடு இருந்தார்.

ஏப்ரல் இருபதாம் தேதி இந்த நோட்டில் நான் எழுதியது பொய். ஆஸ்பத்திரிக்குப் போனதால் அண்ணன் சாகவில்லை. முற்றிப்போகும் வரை போகாமலே இருந்ததால் செத்தார். அந்த 2016 தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். லுங்கியால் காலை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அந்த வாடை தெரிந்தது. அண்ணனாச்சே, எப்படிக் கேட்பது, சங்கடப்படுவாரே என்று நினைத்தேன். காற்று வாங்குவது போல எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஹிருத் எழுந்து போகவில்லை. சாம்பிராணி போட்டாள், நாலு நாள் யோசித்தாள், தண்ணீர் கொட்டிய பிறகும் மறுபடி பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள், "சரியாப் போட்டிருக்கனுங்ளா அப்பா?" என்று கேட்டாள். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. சரியாக இருக்கிறது அம்மணி என்றேன்.